ஒன்பதாவது கொத்தின் தனி நட்சத்திரம்

கண்ணாடிச் சீட்டில் ஒரு புள்ளி நகர்ந்தால் அந்த ஆளின் உலகமே நகர்ந்துவிடும். 1.25 என்ற பவர் 12.5 ஆகிவிட்டால், அந்தக் கண்ணாடியைப் போட்டவர் வாசற்படி என்று நினைத்துக் காற்றில் கால் வைப்பார். காரைக்குடி செக்காலை ரோட்டில் பதினாறு வருஷமாகக் கண்ணாடிக் கடை நடத்தும் ஆரிபாவுக்கு, அதனாலேயே, புள்ளிகளைக் கண்டால் ஒரு சந்தேகம்.

அன்று காலை முதல் ஆளாக வந்தவர் டிராக்டர் ஓட்டும் சின்னச்சாமி. அவர் நீட்டியது டாக்டர் எழுதிய சீட்டின் ஜெராக்ஸ். வலது கண், இடது கண், பவர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆக்சிஸ் என்ற கட்டத்தில் மட்டும் 1.80 என்று இருந்தது. ஆக்சிஸ் என்பது பவர் இல்லை; வில்லையை எந்தச் சாய்வில் பொருத்த வேண்டும் என்று சொல்லும் கோணம். நூற்றெண்பது வரை முழு எண்ணாகத்தான் எழுதுவார்கள். அங்கே புள்ளிக்கு வேலையே கிடையாது.

"இந்தப் புள்ளிய யாரு வச்சது?"

"நான் எதுக்குங்க புள்ளி வைக்கப் போறேன்? அந்தா, சபி பாய் கடையில எடுத்த ஜெராக்ஸ். நெசச் சீட்டு வீட்ல இருக்கு. அதுல நூத்தியெம்பதுதான்."

சபியுல்லாவின் கடை இரண்டு கடை தள்ளி. ஆரிபா போனபோது அவர் ஜெராக்ஸ் மெஷினின் மூடிமேல் பூரிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிழங்கு மூடியின் விளிம்பில் வழிந்திருந்தது.

"சபி அண்ணே, உங்க மெஷின் புள்ளி வைக்குது."

"கோலம் போடப் பழகுதோ என்னமோ."

ஆரிபா அவருடைய குப்பைக்கூடையைக் கிளறினாள். வீணாய்ப்போன நகல்கள் ஏழெட்டு கிடைத்தன: ஒரு ரேஷன் கார்டு, ஒரு சாதிச் சான்றிதழ், யாரோ ஒரு பிள்ளையின் மார்க் ஷீட். எல்லாவற்றிலும் அதே புள்ளி. வலது ஓரத்திலிருந்து மூன்று விரற்கடை, மேலிருந்து ஒரு சாண். மெஷினின் உள்ளே உருளும் டிரம்மில் அழுக்கு இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது தாளைத் தொட்டு, மேலிருந்து கீழே சம இடைவெளியில் பல புள்ளிகள் விழும். ஒரே புள்ளி, எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் என்றால் அழுக்கு தாளைக் கவிழ்த்து வைக்கும் கண்ணாடியில் இருக்கிறது என்று அர்த்தம். ஆரிபா மூடியைத் தூக்கிக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"கண்ணாடிக்கு அடியில இருக்கு அண்ணே. கழட்டுங்க."

"ரெண்டு வருஷமா இருக்கு அந்தப் புள்ளி. கலெக்டர் ஆபீஸ்ல கூடக் கேட்டதில்ல. நீதான் தங்கச்சி புள்ளிக்கெல்லாம் பஞ்சாயத்து வைக்கிற." சொல்லிக்கொண்டே, எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

கண்ணாடி மேலே வந்ததும் முதலில் வந்தது நாற்றம். எண்ணெய்ச் சிக்கும் ஈரச் சாக்கும் சேர்ந்து புழுங்கிய நாற்றம். அடுத்து மூன்று கரப்பான்கள் வந்தன. ஒன்று ஆரிபாவின் மணிக்கட்டில் ஏறி முழங்கை வரை ஓடி விழுந்தது. அவள் உதறிக்கொண்டே கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துக் கொட்டினாற்போல் ஒரு குவியல். அதிலிருந்து விலகி, தனியாக, ஒரே ஒரு மணி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். பொடிந்து விரல்நுனியில் ஒட்டியது.

"என்ன அண்ணே இது?"

"அதுவா? கரப்பான் பீ." அவர் மறுபடி பூரியை எடுத்தார். "மெஷின் கதகதன்னு இருக்கும்ல, அதுக்கு அது மாமியார் வீடு மாதிரி."

ஆரிபா பூரியைப் பார்க்காமல் திரும்பினாள். கடைக்கு ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு வில்லை துடைக்கும் திரவத்தை ஊற்றிக் கழுவினாள். மறுபடி சோப்பு. மூன்றாவது தடவை கழுவும்போதுதான் கை நின்றது.

வலது ஓரத்திலிருந்து மூன்று விரற்கடை. மேலிருந்து ஒரு சாண். அந்தப் புள்ளியை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். அவளுடைய குழுவின் நட்சத்திர வரைபடங்களும் சபியுல்லா கடையில் எடுத்த ஜெராக்ஸ்தான்.

இங்கே அந்த வரைபடங்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஆரிபாவும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு வான்நோக்குக் குழு வைத்திருந்தார்கள். எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி ஒன்று, அமராவதிபுதூரில் இருட்டான ஒரு மொட்டைமாடி, அதன் சாவி ஆளுக்கொன்று, இவ்வளவுதான் சொத்து. பள்ளிக்கூடங்களில் வான்காட்சி நடத்தும்போது பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நின்று பார்ப்பார்கள், பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்பார்கள். புத்தகத்தில் அவர்கள் பார்த்தது ஆகாயத்தில் சுற்றும் தொலைநோக்கிகள் மணிக்கணக்கில் வெளிச்சம் சேர்த்து எடுத்த கலர்ப் படங்கள். கண் அப்படிச் சேர்த்து வைக்காது. அதனால் ஆரிபா ஒரு சிறு புத்தகம் போட நினைத்தாள்: காரைக்குடியிலிருந்து, எட்டு அங்குலத் தொலைநோக்கியில், மனிதக் கண்ணுக்கு உண்மையில் தெரிவது மட்டும். முதல் புத்தகத்துக்கு மிதுனத்தை எடுத்துக்கொண்டார்கள். புனர்பூசத்தின் இரண்டு வெளிச்ச நட்சத்திரங்களும் தலையாக, இரட்டையர் நிற்பதுபோல் இருக்கும் அந்த மண்டலத்தில் விண்மீன் கொத்துகள் நிறைய. ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரக் கூட்டங்கள் அவை. ஒன்று வெறும் கண்ணுக்கே புகைபோலத் தெரியும். அதை விட்டுவிட்டு, யாரும் சீந்தாத ஒன்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதிலும் மங்கலானது 2304 என்று எண்ணிட்ட கொத்து.

மங்கலானதைப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் கண்ணின் நடுப்பகுதி வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஆனது. இருட்டில் அது குருடு மாதிரி. ஓரத்தில்தான் இருட்டுக்கான செல்கள் இருக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியதை நேராகப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் தள்ளிப் பார்வையை நிறுத்தினால், ஓரக்கண்ணில் அது மெல்ல எழும்பி வரும். நேரே திரும்பினால் மறைந்துவிடும். வெற்றிலைக் கடையில் கடன் வைத்த ஆள் மாதிரி, என்பாள் ஆரிபா.

இப்படி வந்து வந்து போகிற ஒன்றை வரையும்போது, தெரிந்ததற்கும் தெரிந்ததாக நினைத்ததற்கும் நடுவில் கோடு போடுவது கஷ்டம். அதற்காகவே ஆரிபா ஒரு விதி வைத்தாள். ஒவ்வொரு கொத்தையும் இரண்டு பேர், தனித்தனி நாளில், அடுத்தவர் படத்தைப் பார்க்காமல் வரைய வேண்டும். முதலில் வரைந்தவர் தன் படத்தை உறையில் போட்டு ஒட்டி, மாடிக்குச் சொந்தக்காரரான நாச்சியம்மை ஆச்சியிடம் கொடுத்துவிட வேண்டும். ஆச்சி அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். இரண்டாமவர் படம் வந்த பிறகு உறையைப் பிரித்து ஒப்பிடுவார்கள். பொருந்தினால் புத்தகத்தில் சேரும். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் வரைய வேண்டும். தெரியாததை ஒரு புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது.

எட்டுக் கொத்துகள் இப்படித் தேறிவிட்டன. 2304-ஐப் போன வருஷம் தை மாதமே ஆரிபா வரைந்து உறையிட்டுவிட்டாள். இரண்டாவது கண் ஸ்ரீநிவாசன், கல்லலில் கணக்கு வாத்தியார். அவர் படம் நேற்று மாலைதான் கடைக்கு வந்து சேர்ந்தது. இன்று ராத்திரி உறை பிரித்து, நாளைக் காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஈரக் கையோடு ஆரிபா அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தாள். ஒன்பது வரைபடங்கள். ஒவ்வொன்றும் ஒரு வெளிச்ச நட்சத்திரத்தில் தொடங்கி, படிப்படியாகக் கொத்துக்கு வழி சொல்லும் படம். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளாக நட்சத்திரங்கள். தொலைநோக்கியில் தலைகீழாகத் தெரியும் என்பதால் படமும் தலைகீழாகவே அச்சடித்தது. எட்டுத் தாள்களில் அந்தக் கரப்பான் புள்ளி ஓரத்து எழுத்துகளிலோ, வெற்று வானத்திலோ விழுந்து கிடந்தது. ஒன்பதாவதில் மட்டும், 2304-க்குச் சற்று மேலே, ஒரு நட்சத்திரம்போலவே உட்கார்ந்திருந்தது. கைப்பேசியில் மூலப்படத்தைத் திறந்தாள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

பிறகு ஸ்ரீநிவாசனின் படத்தை எடுத்தாள்.

வட்டத்துக்குள் பென்சிலால் தேய்த்த மெல்லிய புகை. அதற்குள் நான்கு பொட்டுகள். புகைக்குச் சற்று மேலே, தனியாக, ஒரு நட்சத்திரம். பக்கத்தில் அவருடைய உருண்டையான கையெழுத்தில் குறிப்பு: "மேலே தனித்து ஒன்று. மிக மங்கல். பக்கப்பார்வையில் வந்து வந்து போகிறது."

ஆரிபா தாளைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கரப்பான் முழங்கையில் ஓடியது மறுபடி நினைவு வந்தது.

வந்து வந்து போகிறதாம். வீட்டில் டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து, வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி இறக்கி வைத்துவிட்டு, அதற்கு ஒரு ஜோடனை வேறு. சோம்பேறித்தனத்தை மன்னிக்கலாம். அந்த வரியை அவளால் மன்னிக்க முடியவில்லை. ஆறு வருஷமாக ஒரே மாடியில் நின்றவர். அவள் கொண்டுபோகும் வட்டலப்ப இனிப்பில் பாதியைத் தின்பவர். அந்த வாயை நினைத்தபோதே அவளுக்குத் தொண்டையில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுவதுபோல.

ஸ்ரீநிவாசனுக்குப் போன் போட்டாள்.

"சீனி சார், 2304 எங்கேருந்து பாத்தீக?"

"எங்கேருந்து பாப்பாக? ஆச்சி வீட்டு மாடியிலருந்துதான்."

"என்னைக்கு?"

"தேதி படத்துலயே போட்டிருக்கேன்ல."

"அன்னைக்கு நான் வரல. ஆச்சியும் ஊர்ல இல்ல."

"நீங்க வரலைன்னா நட்சத்திரமும் வராதா மேடம்?"

"சாயங்காலம் சீக்கிரம் வாங்க," என்று வைத்துவிட்டாள். அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும்போது, அவர்களுடைய காதைத் தொடவே அவளுக்குக் கூசியது.

ஏழு மணிக்கு ஸ்கூட்டரை அமராவதிபுதூரில் நிறுத்தினாள். நாச்சியம்மை ஆச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகள் சிங்கப்பூரில். நாற்பது அறை உள்ள வீட்டில் இரண்டு அறையில் மட்டும் குடியிருந்துகொண்டு, மீதி நேரம் கைப்பேசியில் சீட்டாடுவார். குழுவில் அவரும் ஓர் ஆள்தான். ஆனால் வரைபடம் பக்கமே போகமாட்டார். "அந்தப் புள்ளிப் பேப்பரு எனக்கு வேணாம். நீங்க திருப்பி வைங்க, நான் பாக்குறேன்," என்பதுதான் அவர் வானியல்.

மாடி அறையில் தொலைநோக்கியை மூடியிருந்த துணிமேல் வௌவால் எச்சம் கோடு கோடாக வழிந்திருந்தது. ஆரிபா விரல்நுனியால் துணியை உருவி எறிந்தாள். அதற்குள் ஸ்ரீநிவாசன் படியேறி வந்துவிட்டார். கையில் முறுக்குப் பொட்டலம்.

"கண்ணு ரெண்டும் ரெடி மேடம். உறையப் பிரிச்சிருவமா?"

ஆரிபா அவருடைய படத்தைச் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் நீட்டினாள். "முதல்ல இது என்னன்னு சொல்லுங்க."

"நட்சத்திரம்."

"கரப்பான் பீ."

"ஏய்," என்றார் ஆச்சி கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து. "கோயிலுக்குப் போயிட்டு வந்து உக்காந்திருக்கேன். என்ன பேச்சு இது?"

ஆரிபா எல்லாவற்றையும் சொன்னாள். சின்னச்சாமியின் சீட்டு, குப்பைக்கூடை, கண்ணாடிக்கு அடியில் ஒட்டிய மணி, மூலப்படம். எந்தக் குறையும் வைக்காமல், வரிசை தப்பாமல் சொன்னாள். ஸ்ரீநிவாசன் முறுக்குப் பொட்டலத்தை மடக்கி மடக்கிச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வீட்டுல உக்காந்து வரைஞ்சேன்னு சொல்றீக."

"நான் சொல்லல. அந்தப் புள்ளி சொல்லுது."

"ஒரு மணி நேரம் அண்ணாந்து கிடந்தேன் மேடம். எட்டு நாள் கழுத்து வலி. எம் பொண்டாட்டியக் கேளுங்க, தைலம் தேச்சது அவதான்."

"தைலம் சாட்சி சொல்லாது சார். நாளைக்கு இது அச்சாகப் போவுது. பிள்ளைக கையில குடுக்கப் போறோம். உங்க பேரு அதுல இருக்கக் கூடாது. நீங்க குழுவுலயும் இருக்கக் கூடாது."

கீழே தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"சரி," என்றார் ஸ்ரீநிவாசன். "என் படம் பொய். உங்க படத்த எடுங்க. நெசம் எப்புடி இருக்குன்னு நானும் பாத்துட்டுப் போறேன்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்," என்றாள் ஆரிபா.

ஆச்சி கீழே போய் உறையோடு வந்தார். ஒட்டிய இடத்தில் பதின்மூன்று மாதத்துக்கு முந்தைய ஆரிபாவின் கையெழுத்து, தேதியோடு, கிழியாமல் இருந்தது. ஆச்சி அதை இருவருக்கும் காட்டிவிட்டுப் பிரித்தார். டார்ச்சைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு படங்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரித்தானே இருக்கு? அப்பப் பாஸ்தானே?"

ஆரிபா குனிந்தாள்.

அவளுடைய பென்சில். அவள் வழக்கமாகச் சுண்டுவிரலால் தேய்க்கும் புகை. அதற்குள் ஐந்து பொட்டு. புகைக்குச் சற்று மேலே, தனியாக, ஒரு நட்சத்திரம். கீழே அவளுடைய கையெழுத்து: "மேலே தனி நட்சத்திரம் ஒன்று. பக்கப்பார்வையில் ஏழு முறை உறுதி செய்தேன்."

ஏழு முறை.

அவளுக்கு அந்த ராத்திரி திரும்பி வந்தது. பனி விழுந்து ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன வில்லைக் குழல், மங்கி மங்கிப் போனது. துடைத்துத் துடைத்து நாற்பது நிமிஷம் பார்த்தாள். கடைசியில் அது எழும்பி வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டாள், மூச்சு பட்டால் அணைந்துவிடும் என்பதுபோல. அவள் பொய் சொல்லவில்லை. நகலெடுக்கவில்லை. பார்த்தாள். கரப்பான் எச்சத்தை, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில், ஏழு தடவை பார்த்தாள். அது எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்தது. இருட்டில் கண் அனுப்புவது அரைகுறைச் செய்தி. நடுவில் விட்டுப்போனதை மூளை தன் கையிலிருந்து போட்டு நிரப்பும். கையில் என்ன இருந்தது? ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பார்த்த வரைபடம். அங்கே ஒன்று இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, இல்லாததைக் காட்டுவது மூளைக்கு ஒரு வேலையே இல்லை. அதை அவளே பல பேருக்கு விளக்கியிருக்கிறாள், சிரித்துக்கொண்டே.

காலையில் விரல்நுனியில் ஒட்டியதைக் கழுவ முடிந்தது. இது உள்ளே இருந்தது.

"சீனி சார்," என்றாள். "தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க."

ஸ்ரீநிவாசனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பரவாயில்ல மேடம். ஒரே கரப்பான் ரெண்டு பேரையும் ஏமாத்திருச்சு. இதுல என்ன இருக்கு?" முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து ஆச்சியிடம் நீட்டினார். "ஒண்ணு பண்ணுவோம். ரெண்டு படத்துலயும் அந்த ஒரு புள்ளிய ரப்பர் வச்சு அழிச்சிருவோம். மத்ததெல்லாம் பொருந்துதுல்ல? காலையில அச்சுக்குப் போயிரும். யாருக்குத் தெரியப் போவுது?"

ஆரிபா அவரையே பார்த்தாள். அழித்தால் படம் சரியாகிவிடும், அதுதான் உண்மை. ஆனால் அது கண் பார்த்த படமாக இருக்காது. கைப்பேசியில் இருந்த மூலப்படத்தைப் பார்த்துத் திருத்திய படமாக இருக்கும். காலையிலிருந்து எதை நினைத்து அவர்மேல் அருவருப்புப் பட்டாளோ, அதையே இப்போது இரண்டு பேரும் சேர்ந்து முறுக்குத் தின்றுகொண்டு செய்வார்கள்.

"அழிக்க வேணாம். இப்பப் பாப்போம்."

மாசி அமாவாசைக்கு மறுநாள். எட்டரை மணிக்கு மிதுனம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நின்றது. பெட்டியில் உட்காரும் தொலைநோக்கிக்கு அதுதான் தொல்லையான இடம். செங்குத்தாக நிமிர்ந்த குழாயைத் திருப்ப நெம்புகோல் மாதிரிப் பிடிமானம் கிடைக்காது. ஆரிபா பெட்டியையே இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் திருப்பினாள். இரட்டையரின் கால்பக்கத்து வெளிச்ச நட்சத்திரத்தில் தொடங்கி, மனப்பாடமான வழியில் நகர்ந்து, புகை வந்ததும் நிறுத்தினாள்.

தான் முதலில் பார்க்கவில்லை.

"ஆச்சி, நீங்க பாருங்க. என்ன தெரியுதோ சொல்லுங்க. என்ன இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஆச்சி முக்காலியில் ஏறி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, நேரம் எடுத்துக்கொண்டார். "அடுப்பு ஊதுனாப்ல கொஞ்சம் புகை. அதுல ஒண்ணு, ரெண்டு... நாலு பொட்டு. ஒண்ணு இருக்கா இல்லையான்னு தெரியல."

"நேராப் பாக்காம ஓரமாப் பாருங்க. அதுக்கு மேல, கீழ, பக்கத்துல?"

"பாக்குறேன், அவசரப்படுத்தாத." இரண்டு நிமிஷம் போனது. "ஒண்ணுமில்லையே. வெறும் கருப்பு."

வரைபடத்தையே பார்க்காத கண். சற்றுமுன் மடியில் இரண்டு படங்களையும் பார்த்திருந்தும், அந்தக் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆரிபா அட்டையையும் பென்சிலையும் கொடுத்து, பார்த்ததை வரையச் சொன்னாள். கோலம் போடும் கையோடு ஆச்சி நான்கு பொட்டை வைத்துச் சுற்றித் தேய்த்தார்.

அடுத்து ஸ்ரீநிவாசன் ஏறினார். கண்ணை வைத்த கணத்திலேயே, "அட, போயிருச்சு மேடம்," என்றார். "உண்மை தெரிஞ்சதும் பாருங்க, சுத்தமா மறைஞ்சிருச்சு. வெறும் கருப்பு."

ஆச்சி சொன்ன அதே வார்த்தை. ஒரு மணி நேரம் கழுத்து வலிக்கப் பார்த்த நட்சத்திரம், கண் வைத்த கணத்தில் போய்விடுமா? போகலாம். ஆளுக்கு ஆள் மாறும். அல்லது எப்போதுமே வராமலும் இருந்திருக்கலாம். அவள் தன் உறையைத் தன் கையால் ஒட்டிக் கொடுத்திருந்தாள். அந்த உறைக்குள்ளும் அதே நட்சத்திரம் இருந்த பிறகு அவரைக் கேட்க அவளுக்கு வாய் இல்லை. அது தெரிந்தேதான் அவர் அவ்வளவு நிம்மதியாக முறுக்கு நீட்டினாரோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அசிங்கமாக இருந்தது.

அவள் முக்காலியில் ஏறினாள். இருட்டு பழகக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். திறந்தாள். புகை வந்தது. நான்கு பொட்டு வந்தன. ஐந்தாவதும் வந்தது. பார்வையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினாள். அங்கே ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிளகுப் பொடி நிறத்தையும், அந்த நாற்றத்தையும், நகத்தில் பொடிந்ததையும் வேண்டுமென்றே நினைத்துக்கொண்டாள்.

புகைக்குச் சற்று மேலே, தனியாக, அது எழும்பி வந்தது.

நேரே பார்த்தாள், மறைந்தது. தள்ளிப் பார்த்தாள், வந்தது. எவ்வளவு நேர்த்தியாக, மற்ற நட்சத்திரங்களைப் போலவே கூச்சத்தோடு வந்தது.

"என்ன மேடம்? உங்களுக்கும் போயிருச்சுல்ல?"

"இல்ல. தெரியுது."

ஸ்ரீநிவாசன் சிரித்தார். "இன்னுமா? விடுங்க, போடாதீக."

"தெரிஞ்சத வரையணும். அதுதான் விதி."

அட்டையைத் தொடையில் வைத்து, சிவப்பு வெளிச்சத்தில், ஆரிபா வரைந்தாள். புகை, ஐந்து பொட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே அந்தத் தனி நட்சத்திரத்தையும் வைத்தாள். தேதி, நேரம். அதற்கு ஓர் அம்புக்குறி போட்டு எழுதினாள்: "இது நட்சத்திரம் அல்ல. எங்கள் வரைபடத்தை நகலெடுத்த மெஷினில் இருந்த கரப்பான் எச்சம். தெரிந்த பிறகும் எனக்குத் தெரிகிறது. வரைபடத்தைப் பார்க்காதவருக்குத் தெரியவில்லை."

"ஆச்சி படமும் இந்தப் படமும் பக்கத்துல பக்கத்துல அச்சாகும். பொருந்தல. அதனால ஒன்பதாவது தேறல. எட்டுதான் தேறுச்சுன்னு போடுவோம்."

"இதையுமா அச்சடிக்கப் போறீக? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக சிரிக்குமே. கரப்பான் பீயப் பாத்த சங்கம்னு பேரு வச்சிரும்."

"வைக்கட்டும். உங்க படத்தையும் சேத்துப் போடலாம். நெசமாப் பாத்தவுகதானே நீங்க."

ஸ்ரீநிவாசன் கையை நீட்டினார். "எம் படத்தக் குடுத்துருங்க. எம் பேரு அதுல வேணாம்."

ஆரிபா கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன் ஆச்சி," என்று படியிறங்கினார். பைக் சத்தம் கல்லல் பக்கம் தேய்ந்தது.

"பாத்திருப்பானா, பாத்திருக்க மாட்டானா?" என்றார் ஆச்சி முறுக்கை நொறுக்கிக்கொண்டே.

"தெரியல ஆச்சி."

"உனக்கு நெசமாவே தெரியுதா அது?"

"தெரியுது."

"கருமம்," என்றார் ஆச்சி. ஆனாலும் முறுக்கில் ஒன்றை அவளிடம் நீட்டினார். ஆரிபா கையைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மூடியை எடுத்துக்கொண்டு தொலைநோக்கியிடம் போனாள். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து, ஓரக்கண்ணால் பார்த்தாள். வானம் இதற்குள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. கொத்து வட்டத்தின் விளிம்புக்குப் போயிருந்தது. அதோடு சேர்ந்து, அதே தூரத்தில், அதே இடத்தில், அதுவும் நகர்ந்திருந்தது.

"ச்சீ," என்று மூடியை அழுத்தி மூடிவிட்டு, கை கழுவக் கீழே போனாள்.